வெள்ளச்சியும் நாட்காட்டித் தாளும்

போன வருஷம் அக்னி நட்சத்திரம் தொடங்கியபோது வெள்ளச்சி நிறையத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். பாளையங்கோட்டை வெயிலில் மனுஷருக்கே நாக்கு ஒட்டிக்கொள்கிறது, பூனைக்கு இருக்காதா என்று நானும் அம்மாவும் பேசிக்கொண்டோம். முற்றத்து வாளியில் எக்கி எக்கிக் குடிப்பாள். மணல் தட்டு தினமும் சொதசொதவென்று நனைந்து கிடக்கும். 5 வாரம் வெயில் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்தோம். அந்த 5 வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. 12 வயதுப் பூனை திடீரென்று அதிகம் குடித்து அதிகம் மூத்திரம் போனால் உடனே ரத்தம் பார்த்துவிடுங்கள். சிறுநீரகமாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம், தைராய்டாகவும் இருக்கலாம். வெயிலாக மட்டும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

சாப்பாடு குறைந்து, முதுகெலும்பு கையில் தட்டுப்பட்ட பிறகுதான் கிளம்பினோம். முதலில் போன இடத்தில் குடல் பூச்சிக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 2 நாளில் வாந்தி. பக்கத்து வீட்டு அக்கா காய்ச்சல் மாத்திரையில் பாதி கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். நல்லவேளை, கொடுக்கவில்லை. பாரசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும். அக்காவுக்கு அது தெரியாது, எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

அப்புறம் சங்கரன்கோவில் சாலையில், ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். மூடி போட்ட கூடையில் அவளை வைத்து ஆட்டோவில் போகும்போது வழியெல்லாம் கத்துவாள். சுலோசனா முதலியார் பாலத்தில் ஏறி ஆற்றுக்காற்று பட்டதும் மட்டும் நிறுத்திக்கொண்டு மூக்கைத் தூக்குவாள். அங்கே ஆடும் மாடும் காத்திருக்கிற இடத்தில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரத்தம் பார்த்ததில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்றாமல் ரத்தத்தில் தேங்கும் கழிவு, 5.4. எடை 4.1 கிலோவிலிருந்து 2.9-க்கு இறங்கியிருந்தது. சிறுநீரகம் முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியாட்டினின் ஏறவே தொடங்கும் என்று டாக்டரம்மா சொன்னார். 3 நாள் டிரிப்ஸ் ஏற்றியதில் 3.9-க்கு வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். "உடம்புல தண்ணி வத்தினதால ஏறினது மட்டும்தாம்மா இறங்கியிருக்கு. மிச்சம் திரும்பி வராது. ஆனா இருக்கறத வச்சு அவளை நல்லா வச்சுக்கலாம்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் 7 மாதம் ஓடியது.

வீட்டிலேயே தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் என்கிற டிரிப்ஸ் நீரை ஏற்றக் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் ஊசியை எடுத்ததும் எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. இப்போது யாராவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீர்ச் செம்பில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க வேண்டும், குளிர்ந்த நீர் உள்ளே போனால் துள்ளிவிடுவாள். ஜன்னல் கம்பியில் உயரமாகத் தொங்கவிட வேண்டும். இரண்டு தோளுக்கும் நடுவில் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கினால் அடியில் ஒரு குழி தெரியும். ஊசி அதில் போக வேண்டும். மெல்லிசு ஊசி வலிக்காது என்று நானாக நினைத்தது தப்பு. அதில் சொட்டுச் சொட்டாக இறங்கிப் பூனையின் பொறுமை போய்விடும். டாக்டரம்மா மாற்றிக் கொடுத்த பருமனான ஊசியில் 100 மில்லி சில நிமிடத்தில் முடிந்தது. ஒவ்வொரு தடவையும் புது ஊசி. ஏற்றிய நீர் முன்னங்கால் பக்கம் பை மாதிரி தொங்கும், சில மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். அம்மா அதைப் பார்த்து முதல் நாள் அலறிவிட்டாள். ஏற்றும்போது ஆச்சியின் மடிதான் மேஜை. தார்சாவில் காலை நீட்டி உட்கார்ந்து, "பைய, பைய" என்று ஆச்சி தடவிக்கொண்டே இருப்பாள்.

சாப்பாட்டில்தான் நான் தோற்றேன். பாஸ்பரஸ் குறைந்த சிறுநீரகத் தீவனம் வாங்கி வைத்தால் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுவாள். சாளை மீன் வாசனைக்கு மட்டும் தலை திரும்பும். மீன் கூடாதென்று நான் அடம்பிடித்ததில் 2 நாள் பட்டினி கிடந்துவிட்டாள். டாக்டரம்மா கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான். பூனை நாலைந்து நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு அடைத்துவிடுமாம். சரியானதைச் சாப்பிடுவதைவிட எதையாவது சாப்பிடுவது முக்கியம் என்றார். பிறகு முள் நீக்கிய சாளை கொஞ்சம், தீவனம் கொஞ்சம், பாஸ்பரஸைப் பிடித்து வைக்கிற மருந்து என்று பிசைந்து வைத்தேன். உப்பு போடவில்லை.

கார்த்திகையில் மறுபடி இறங்கினாள். ஈறு வெளுத்துவிட்டது. கிரியாட்டினின் 7-ஐத் தாண்டியது. அப்போது நான் கேட்ட கேள்வி, "இன்னும் எத்தனை நாள் இருப்பா?" டாக்டரம்மா பதில் சொல்லாமல் என்னிடமே கேட்டார், அவளுக்குப் பிடித்த மூன்று விஷயம் என்னென்ன என்று. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மீன்காரம்மா குரல் கேட்டால் வாசலுக்கு ஓடுவது, வெயில் பட்ட இடத்தில் உட்கார்ந்து மேலெல்லாம் நக்கிச் சுத்தம் பண்ணுவது, ராத்திரி ஆச்சி மடி. "தினமும் ராத்திரி அதுல எத்தனை நடந்ததுன்னு எழுதி வைங்க. ரெண்டு மூணு நடந்தா நல்ல நாள்" என்றார்.

தினம் கிழிக்கிற நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதினேன். நல்ல நாளுக்கு வட்டம், கெட்ட நாளுக்குப் பெருக்கல் குறி. எழுதாமல் விட்டிருந்தால் ஒரு வாய் தின்றதைப் பார்த்து அந்த வாரமே நன்றாக இருந்ததாக நினைத்திருப்பேன். தாள் அப்படி நினைக்கவிடவில்லை. மார்கழி பிறந்து 9 தாளில் 8 பெருக்கல்.

ஊசி போட்டுத் தூங்க வைப்பதைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தபோது அம்மா சண்டைக்கு வந்தாள். "உயிரை எடுக்க நாம யாரு? பூனையைக் கொன்ன பாவம் ஏழு தலைமுறைக்கு விடாது." கருணைக்கொலை என்ற சொல்லில் இருக்கிற கொலை எனக்கும் தொண்டையில் சிக்கியது. தாள்களைக் காட்டினேன், அம்மா பார்க்கவில்லை. 84 வயது ஆச்சிதான் சொன்னாள்: "அது எம் மடிக்கு வந்து எத்தன நாளாச்சு. கட்டிலுக்கு அடியில போயி மூஞ்சியச் சுவத்துக்குத் திருப்பிக்கிட்டு கெடக்கு. போதும்ட்டி, இனி உனக்காவத்தான் வச்சிருக்கே."

மறுநாள் காலையில் ஒரு மருத்துவர் வீட்டுக்கு வந்தார். முதலில் மயக்க ஊசி. அது பிடித்த பிறகு நரம்பில் மருந்து. கண் மூடாது, கடைசியில் ஒரு மூச்சு இழுத்தாலும் பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அப்படியேதான் நடந்தது. ஆச்சி மடியில்தான் இருந்தாள். அம்மா அடுக்களையிலிருந்து வரவில்லை. ஆனால் புறவாசலில் நந்தியாவட்டைக்குப் பக்கத்தில் குழி வெட்டி வைத்திருந்தது அம்மாதான், எங்களிடம் சொல்லாமல்.

3 பாட்டிலும் ஒரு பெட்டி ஊசியும் மிச்சம் இருந்தன. ஒரு மாதம் கழித்து ராமையன்பட்டிக்கு எடுத்துப்போனேன். கல்லூரிப் பையன் மாதிரி ஒருத்தன், மடியில் சாம்பல் நிறக் கிழட்டுப் பூனையோடு உட்கார்ந்திருந்தான். கையில் ரிங்கர் லாக்டேட் சீட்டு. "அக்கா, நீங்க குத்தியிருக்கீங்களா? எனக்குக் கை நடுங்குது" என்றான். டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு, அவன் விரலைப் பிடித்து அந்தப் பூனையின் தோள் நடுவில் தோலைத் தூக்கிக் காட்டினேன்.