இரு கிளைகளை இணைத்த கோடு

ஏரிப் பாசனத்தைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுத உட்கார்ந்தபோது என்னிடம் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. எங்கே தொடங்குவது என்பதுதான் புலப்படவில்லை. குறிப்பேட்டில் மேலிருந்து கீழாக எழுதிய பட்டியல் நாற்பது வரிகளைத் தாண்டிய பின்னும், ஒரு வரிக்கும் மற்றொன்றுக்கும் என்ன உறவு என்பது தெரியவில்லை. அப்போதுதான் மன வரைபடத்தை முறையாக வரைந்து பார்த்தேன்.

இந்த முறையைப் பரப்பியவர் பிரிட்டனைச் சேர்ந்த டோனி புசான். 1974இல் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் வழியாக இதைப் பலரிடம் கொண்டு சேர்த்தார். தாளை அகலவாக்கில் வைத்து, நடுவில் பொருளை வரைந்து, அதிலிருந்து கிளைகளையும் சிறு கிளைகளையும் வளைகோடுகளாக இழுத்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரே ஒரு சொல்லை எழுத வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. பல வண்ணங்களையும் அவர் வலியுறுத்தினார்; எனக்கு ஒரு பென்சிலே போதுமானதாக இருக்கிறது. ஆனால் ஒற்றைச் சொல் விதியை நான் மீறுவதில்லை. "மதகு பழுதானதால் கடைமடைக்கு நீர் போகவில்லை" என்று முழுதாக எழுதிவிட்டால் சிந்தனை அங்கேயே முடிந்துவிடுகிறது. "மதகு" என்று மட்டும் எழுதினால், அதைத் திறப்பவர் யார், முறைவைத்து நீரைப் பிரிப்பவர் யார் என்ற கேள்விகள் எழுந்து, "நீர்க்கட்டி" என்னும் அடுத்த கிளை தானாக முளைக்கிறது.

கரை, மதகு, மிகை நீர் வழிந்தோடும் கலிங்கு, ஏரி நீர் பாயும் நிலமான ஆயக்கட்டு, வண்டல், நிர்வாகம் என ஆறு கிளைகள் என் தாளில் விரிந்தன. நிர்வாகத்தின் கீழ் உத்தரமேரூர் வந்தது. அங்குள்ள சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், ஏரியைக் கவனித்துக்கொண்ட ஊர்க்குழுவான ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுவதால் அந்தக் கிளை விரைவில் நிறைந்துவிட்டது. வண்டல் மட்டும் "தூர்" என்ற ஒரு சொல்லோடு மொட்டையாக நின்றது. தாளின் மறுபக்கம் ஆயக்கட்டின் கீழ் "எரு" என்று எழுதியிருந்தேன். இரண்டையும் ஒருசேரப் பார்த்த கணத்தில், கோடையில் ஏரி வற்றியதும் உழவர்கள் வண்டலை வெட்டி வண்டியில் ஏற்றிப் போய் வயலில் கொட்டிய வழக்கம் நினைவுக்கு வந்தது. ஒரே வேலையால் ஏரியும் ஆழப்பட்டது, நிலமும் வளம் பெற்றது. பட்டியலில் பன்னிரண்டாம் வரியிலும் முப்பத்தோராம் வரியிலும் தனித்தனியே கிடந்த செய்திகள் அவை. அவ்விரண்டையும் இணைத்து நான் இழுத்த கோடுதான் கட்டுரையின் தொடக்கமாயிற்று. ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்தும் அந்தக் கோட்டின் மேலேயே வந்து அமர்ந்தது.

கணினியில் இதற்கென ஃப்ரீமைண்ட் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. கிளைகளை இடம் மாற்றவும் மடக்கி வைக்கவும் அவை மிக வசதியானவை. ஆயினும், தொலைவில் உள்ள இரு சொற்கள் கண்ணில் ஒன்றாகப் படுவதற்கு முழுத் தாளும் முன்னே விரிந்திருக்க வேண்டும் என்பதால், முதல் வரைவை நான் தாளிலேயே செய்கிறேன். அதன் பிறகு கிளைகளுக்கு எண்ணிட்டு வரிசை அமைக்கிறேன். வரைபடத்துக்கு எல்லாத் திசையும் உண்டு, உரைநடைக்கோ ஒரே திசைதான் என்பதால், இந்த எண்ணிடும் வேலையைத் தவிர்க்க முடியாது. எந்த எண்ணும் பொருந்தாத கிளையை வெட்டிவிட வேண்டியதுதான்.

அப்படி வெட்டுப்பட்டது கலிங்கு. இப்போது புதிய தாள் ஒன்றின் நடுவில் அந்தச் சொல்லை எழுதி வைத்திருக்கிறேன்.