ஒன்பதடிக் குழாய்க்கு இரண்டு குரல்

எங்கள் சர்ச் பேண்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன், வயது பன்னிரண்டு, என் பித்தளை வாத்தியமான யூபோனியத்தைக் காட்டி "அண்ணே, இது சின்ன டியூபாவா?" என்று கேட்டான். பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் பக்கத்தில் இருந்த, குழாயை நீட்டிச் சுருக்கி வாசிக்கும் டிராம்போனைக் காட்டி, "நீளத்தில் இது அதோட கூடப்பிறந்தது" என்றேன். அவன் நம்பவில்லை.

இரண்டையும் சுருள் பிரித்து நேராக நீட்டினால் ஏறக்குறைய ஒன்பது அடி. டிரம்பெட் அதில் பாதி, பெரிய பி பிளாட் டியூபா அதைப்போல் இரண்டு மடங்கு. நீளம் இரண்டு மடங்கானால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், அவ்வளவுதான் கணக்கு. அப்படியானால் ஒரே நீளமுள்ள இரண்டும் ஏன் இவ்வளவு வேறு மாதிரிப் பேசுகின்றன?

அவன் விரலைப் பிடித்து டிராம்போனின் மவுத்பீஸிலிருந்து குழாயோடு நகர்த்தினேன். நீட்டிச் சுருக்கும் பகுதியான ஸ்லைடு முழுக்க ஒரே தடிமன், தோளுக்குப் பின்னால் வளைகிற இடம் தாண்டித்தான் விரிய ஆரம்பிக்கிறது. யூபோனியத்தில் விரலால் அழுத்தும் வால்வுகளைத் தாண்டியதுமே குழாய் தடிக்கத் தொடங்கி, விரல் பருமன், மணிக்கட்டுப் பருமன், அப்புறம் அவன் தொடைப் பருமன் என்று ஒலி வெளிவரும் வாயான பெல் வரை விரிந்துகொண்டே போகிறது. மென்மையாக வாசித்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். பலமாக ஊதும்போதுதான் குட்டு வெளிப்படும். குறுகலான நேர்குழாய்க்குள் அழுத்தமான ஒலியலை போகப்போகச் செங்குத்தாகிக் கூர்மையாவதால் டிராம்போன் பளீரென்று கிழிக்கும், யூபோனியமோ எவ்வளவு ஊதினாலும் உருண்டையாகவே இருக்கும். டிரம்பெட்டுக்கும், அதே நீளத்தில் அகலமாக விரியும் ஃப்ளூகல்ஹார்னுக்கும் இதே கதைதான். கார்னெட் என்ற வாத்தியம் இரண்டுக்கும் நடுவில்.

இவை எல்லாம் ஒரு குடும்பம் என்பதற்குக் காரணம் பித்தளை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் உதடுதான். உதட்டை அதிரவைத்து ஊதும் வாத்தியம் எதுவானாலும் இந்தக் குடும்பம்தான். நம் கொம்பும் எக்காளமும் இதில் சேரும், மரத்தால் செய்து தோல் போர்த்திய பழைய ஐரோப்பிய செர்பென்டும் சேரும். உடம்பு முழுக்கப் பித்தளையாக இருந்தும் சாக்ஸபோன் சேராது, அதில் அதிர்வது நாணல் சீவாளி.

வால்வு வந்தது பிற்பாடு. 1818-ல் பிரஷ்யாவில் ஸ்டோல்ட்செல், ப்ளூமெல் என்ற இருவர் சேர்ந்து காப்புரிமை பெற்றார்கள். வால்வை அழுத்தினால் காற்று கூடுதல் குழாய் வழியே சுற்றிவரும், சுருதி இறங்கும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, நான் பல வருடம் தெரியாமல் அவதிப்பட்ட சிக்கல். யூபோனியத்தில் முழுச் சுரம் இறங்க முதல் வால்வு சுமார் 33 செ.மீ. குழாயைச் சேர்க்கிறது. ஆனால் நாலாவது வால்வையும் அழுத்தியிருந்தால் மொத்தக் குழாய் ஏற்கெனவே பன்னிரண்டு அடி ஆகியிருக்கும், இப்போது அதே இறக்கத்துக்குச் சுமார் 45 செ.மீ. தேவை. அந்தப் பன்னிரண்டு செ.மீ. குறைவதால் கீழ்ச் சுரங்கள் ஏறியே நிற்கும். லண்டனில் வாத்தியங்கள் செய்யும் பூசி நிறுவனத்தில் இருந்த டேவிட் பிளெய்க்லி 1874-ல் இதற்கு வழி கண்டுபிடித்தார்: காற்றைத் திரும்பவும் அதே வால்வுகளுக்குள் அனுப்பி, சின்னச் சின்ன வளையங்களால் குறையைச் சரிக்கட்டுவது. அந்த முறையில் செய்த யூபோனியம் கைக்கு வந்த அன்று என் உதடு பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது.

டிராம்போனுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஸ்லைடை நிறுத்த ஏழு நிலைகள், காது சொல்கிற இடத்தில் கையை நிறுத்தினால் போதும். மே மாதப் பவனியில் இது நன்றாகத் தெரியும். காற்று பத்து டிகிரி சூடானால் சுருதி அரைச் சுரத்தில் கால் பங்கை விடக் கொஞ்சம் அதிகமாகவே ஏறிவிடும், கிளாரினெட்டுக்காரரும் நாங்களும் நின்று சுருதி திருத்திக்கொண்டிருப்போம், டிராம்போன்காரர் போகிற போக்கிலேயே சரிசெய்துகொள்வார். ஆனால் வேகமான கோர்வை வந்தால் எங்கள் மூன்று விரல் சுலபம், அவர் கைதான் பறக்க வேண்டும்.

பையன் டிராம்போன்தான் வேண்டும் என்று எடுத்துக்கொண்டான். ஏழாவது நிலைக்கு அவன் கை எட்டவில்லை. ஆறாவது வரை எட்டுகிறது, எங்கள் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே போதும்.