மூன்றாவது கடை: ஒரு மிட்டாய் வியாபாரியின் நாட்குறிப்பு

2023 ஆகஸ்ட் 12, சனி

மேற்கு மாம்பலம், கொளத்தூர், இப்போது மால். மூன்றாவது கடையையும் திறந்தாயிற்று. பதினெட்டு கண்ணாடி ஜாடிகள், மஞ்சள் விளக்கு. கடலை மிட்டாய், எள்ளுருண்டை, கமர்கட், தேன் மிட்டாய், இலந்தவடை. ருசி பார்க்கக் கொடுத்த கமர்கட்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே ஒரு பெரியவர் மிட்டாய்ப் பெட்டியின் விலையைக் கேட்டார். சொன்னேன். "அஞ்சு பைசாவுக்கு ரெண்டு வாங்கித் தின்னது தம்பி" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் வாங்கவில்லை. ஆனால் அவர் பேத்தி ஜாடிகளுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 9, சனி

எங்கள் சரக்கு வரும் ஊரான கோவில்பட்டிக்கு வந்திருக்கிறேன். மாதவரத்திலேயே ஒரு பட்டறை போட்டால் லாரிச் செலவு மிச்சமாகுமே என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "போடு. பெட்டியில ஊர் பேரை எப்படிப் போடுவே?" என்றார். நியாயம்தான். 'கோவில்பட்டி கடலை மிட்டாய்' 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய பெயர். சென்னையில் கிண்டிய பாகுக்கு அதை ஒட்ட முடியாது.

பட்டறையில் அரை நாள் நின்றேன். கொதிக்கும் வெல்லப் பாகில் ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் விடுகிறார்கள். அது இறுகியதும் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். வந்ததும் தோல் நீக்கிய நிலக்கடலைப் பருப்பைக் கொட்டிக் கிளறி, மரச்சட்டத்தில் பரப்பி, கட்டையால் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் வெட்டிவிட வேண்டும். பாகு காய்ச்சுகிற அக்கா சட்டியை எட்டிப் பார்க்கவே இல்லை. குமிழி வெடிக்கிற சத்தத்திலேயே சொல்லிவிடுகிறார்.

நவம்பர் 11, சனி

நாளை தீபாவளி. மூன்று கடையிலும் பெட்டி காலி! ராத்திரி கணக்குப் பார்த்தபோதுதான் உறைத்தது: வெறும் பெட்டி ஒன்றின் அடக்கம் 70 ரூபாய், உள்ளே இருக்கும் மிட்டாயின் அடக்கம் 55. நான் அட்டை வியாபாரம் செய்துகொண்டிருக்கிறேன் போல. மால் கடைக்கு வாடகை, இல்லாவிட்டால் விற்பனையில் பங்கு, இரண்டில் எது அதிகமோ அது. அதற்கு மேல் பராமரிப்புக் கட்டணம் வேறு. தீபாவளி மாதத்தில் இது வலிக்காது.

டிசம்பர் 5, செவ்வாய்

மிக்ஜாம் புயல். மாம்பலம் கடையில் முழங்கால் அளவு தண்ணீர். ஜாடிகள் மேல் தட்டில் இருந்ததால் நனையவில்லை. ஆனால் இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை, காற்றெல்லாம் ஈரம். கடலை மிட்டாய் மொத்தமும் நமுத்துப் போய்விட்டது. வெல்லம் ஈரத்தைக் குடித்துவிட்டால் அப்புறம் மொறுமொறுப்பு திரும்பாது. பல்லில் அப்பிக்கொள்ளும். நாற்பது கிலோ குப்பைக்குப் போனது.

டிசம்பர் 19, செவ்வாய்

இப்போது கோவில்பட்டிப் பக்கம் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழையாம். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுவிட்டது. எங்கள் சரக்கு எங்கே நிற்கிறதென்றே தெரியவில்லை. மாலையில்தான் சித்தப்பாவின் லைன் கிடைத்தது. "பாகுக்கு ஊத்துற தாமிரபரணி, ஊருக்குள்ளயே வந்துட்டுதுடே" என்றார். அந்த மனுஷனுக்கு எப்போதும் இப்படித்தான்.

2024 பிப்ரவரி 18, ஞாயிறு

புதுச்சேரியைத் தொடர்ந்து தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை. துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் கலந்திருந்ததாம். நாங்கள் பஞ்சு மிட்டாயே விற்பதில்லை. ஆனாலும் சாயம் போட்ட தேன் மிட்டாய் ஜாடியை இன்று ஒருத்தரும் தொடவில்லை. கை நீட்டிய குழந்தையை ஒரு அம்மா வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். எங்கள் தேன் மிட்டாயின் ஆய்வறிக்கையைச் சட்டம் போட்டு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். யாரும் படிக்கவில்லை.

பிப்ரவரி 25

சாயம் போடாமல் தேன் மிட்டாய் செய்து பார்த்தோம். பணியாரம் மாதிரி இருக்கிறது. ருசி அதேதான். விற்றது பதினொரு பெட்டி.

மே 31, வெள்ளி

மால் கடையை இன்று காலி செய்தோம். ஒப்பந்தக் காலம் முடியாததால் முன்பணத்தில் பெரும்பகுதி போய்விட்டது. அதைப் பற்றி எழுத மனசில்லை. ஜாடிகளை ஆட்டோவில் ஏற்றி மாம்பலத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரு மூடி விரிசல்.

அடுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் ஐந்து ரூபாயை நீட்டி, "அண்ணா, கமர்கட்" என்றான். மால் கடை திறந்த வாரம்தான் சில்லறை விற்பனையை இங்கேயும் நிறுத்தியிருந்தோம், பெட்டி மட்டும் என்று. சின்னப் பொட்டலம் கட்டப் பேப்பர்கூட இல்லை. பெட்டி அட்டையின் ஓரத்தைக் கிழித்து இரண்டு உருண்டையை அதில் வைத்துக் கொடுத்தேன். ஒன்றை வாயில் போட்டான். இன்னொன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.