முதியோர் இல்லத்தில் கேமரா எங்கே இருக்க வேண்டும்?

தண்டையார்பேட்டையில் என் பெரியம்மா தங்கியிருக்கும் முதியோர் இல்லத்தில் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப் போகிறார்கள். வாசல், நடைக்கூடம், மாடிப்படி, மருந்து அலமாரி ஆகிய இடங்களில் வைப்பதை மனதார வரவேற்கிறேன். இரவில் யாரேனும் தடுக்கி விழுந்தாலோ, பணியாளர் கை ஓங்கினாலோ அதற்குச் சாட்சி வேண்டும். ஆனால் படுக்கையறையில், அதுவும் ஆயா டயப்பர் மாற்றும் கட்டிலுக்கு நேர் எதிரே ஒன்றை வைக்கப் பெரியம்மாவிடமே சம்மதம் கேட்க வேண்டாமா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017இல் அளித்த தீர்ப்பு, நினைவு தடுமாறும் முதியவர்களுக்கும் சேர்த்துத்தான். பதிவுகளை யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அவை அழிக்கப்படும் என்பதை எழுத்தில் தருமாறு நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். கடலோர உப்புக்காற்றில் லென்ஸ் மங்கும், மின்வெட்டில் பதிவு நின்றுபோகும் என்பதால், யுபிஎஸ் இணைப்பும் மாதந்தோறும் துடைத்துச் சரிபார்க்க ஓர் ஆளும் அவசியம்.