ரிமோட் யார் கையில்?

அந்த ஐயாவுக்கு இரண்டு ப்ரோகிராம் போட்டுக் கொடுத்தேன். ஏ, கைக்கு. பி, பேச்சுக்கு. டிபிஎஸ் என்பது மூளைக்குள் எலெக்ட்ரோடு வைத்து மின்தூண்டல் தரும் சிகிச்சை. அந்தக் கருவியோடு வீட்டுக்குப் போகிறவர்களில் பலருக்கு இப்படி ஒன்றுக்கு மேல் செட்டிங் வைத்துத்தான் அனுப்புகிறோம். இதில் புதிதாக எதுவும் இல்லை. ஆனாலும் இவர் விஷயத்தில் மட்டும், நான் செய்தது அவருக்காகவா, அவர் மனைவிக்காகவா என்ற கேள்வி என்னை விடவே மாட்டேன் என்கிறது.

அவருக்குப் பார்க்கின்சன் நோய், வலது கையில்தான் நடுக்கம் அதிகம். அதனால் மூளையின் இடது பக்கத்து எலெக்ட்ரோடில் கரண்ட்டைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டிருந்தேன். மின்துடிப்பின் வேகம் 130 ஹெர்ட்ஸ், அகலம் 60 மைக்ரோசெகண்ட் என்பதில் கை வைக்கவில்லை. மில்லியாம்பியரை மட்டும் மாற்றினேன். ஒவ்வொரு படியிலும் கிழமைகளை வரிசையாகச் சொல்லச் சொல்வேன். அப்புறம் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி மாட்டச் சொல்வேன். 2.2-ல் ஏழு கிழமையும் தெளிவாக வந்தன. பொத்தான் மட்டும் துளையைச் சுற்றியே அடித்துக்கொண்டிருந்தது. 2.6-ல் பாதி நுழைந்து நழுவியது. 3.0-ல் கை அப்படியே அடங்கிவிட்டது. பொத்தானை மாட்டினார், கழற்றினார், நான் சொல்லாமலே மறுபடியும் மாட்டினார். ஆனால் புதனும் வியாழனும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வெள்ளியும் சனியும் எனக்கே பிடிபடவில்லை.

"என்னம்மா சொல்றார்?" என்று அவர் மனைவி என்னிடம் கேட்டார். அந்த அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"ஐயா, இப்படியே இருக்கட்டுமா, இல்லை முன்னாடி இருந்த மாதிரி வச்சிடவா?" என்று கேட்டேன். அவர் ஏதோ சொன்னார். 'கை' என்றுதான் எனக்குக் கேட்டது. அந்த அம்மாவுக்கு அதுவும் கேட்கவில்லை. அவர் வலது கையைத் தூக்கி மனைவியின் முகத்துக்கு நேரே காட்டினார். ஒரு ஆட்டமும் இல்லை. அந்த அம்மா கையைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னிடம் திரும்பினார்: "பொத்தானை நான் போட்டு விட்டுடுவேன் சிஸ்டர். அவர் பேச்சை நான் பேச முடியுமா?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

கருவி கோளாறு என்றோ எலெக்ட்ரோடு இடம் தவறிவிட்டது என்றோ யாரும் நினைத்துவிடக் கூடாது. ஸ்கேனில் அது மூளையின் ஆழத்தில் சப்தாலமிக் நியூக்ளியஸ் என்ற இலக்கில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது மிகச் சிறிய இடம். அதன் வெளிப்பக்கத்தை ஒட்டியே இன்டர்னல் கேப்சூல் என்ற நரம்புப் பாதை ஓடுகிறது. நாக்கு, உதடு, தொண்டைக்குப் போகும் நரம்பு இழைகள் அதற்குள்தான் இருக்கின்றன. நடுக்கத்தை அடக்க ஏற்றும் கரண்ட் சற்றே பரவினாலும் பேச்சு குழறிவிடும். அதைத் தவிர்க்க என்ன வழி உண்டோ அத்தனையும் பார்த்தேன். கரண்ட்டை ஒரு பக்கமாகத் திருப்பினேன், பல்ஸ் அகலத்தைக் குறைத்தேன், ஹெர்ட்ஸை இறக்கினேன். ஹெர்ட்ஸ் இறங்கியதும் பேச்சு தேறியது, நடுக்கம் திரும்பியது. மற்ற இரண்டிலும் கொஞ்சம் லாபம் கிடைத்தது. ஆனால் கையும் பேச்சும் சேர்ந்து கிடைக்கும் ஓர் இடம் மட்டும் அகப்படவில்லை.

இதையெல்லாம் முன்பே சொல்லித்தான் இருந்தோம். எழுபதைத் தாண்டியவர்களிடம் நாங்கள் கூடுதலாகவே சொல்வோம். அறுவை சிகிச்சையை முடிவு செய்யும் முன் ஒரு பரிசோதனை உண்டு: முதல் நாள் இரவிலிருந்து மருந்தை நிறுத்தி, காலையில் ஒரு முறை பரிசோதித்து, பார்க்கின்சனுக்கான லெவோடோபா மருந்தைக் கொடுத்து மறுபடி பரிசோதிப்போம். அந்த மருந்து எதைச் சரிசெய்கிறதோ அதைத்தான் பெரும்பாலும் டிபிஎஸ்ஸும் சரிசெய்யும். நடுக்கம் இதற்கு விதிவிலக்கு. மருந்துக்கு அடங்காத நடுக்கம்கூட அடங்கலாம். மருந்துக்கு அசையாத பேச்சும், உடல் தள்ளாட்டமும் அறுவை சிகிச்சையால் தேறும் என்று எதிர்பார்க்க முடியாது, இன்னும் மோசமாகவும் வாய்ப்புண்டு, வயது கூடக்கூட அந்த வாய்ப்பும் கூடும். இருவரும் கேட்டார்கள், கையெழுத்துப் போட்டார்கள். "உங்களுக்கு என்ன திரும்பக் கிடைக்கணும்?" என்று கேட்டபோது அவர் சொன்னது இரண்டே விஷயம்: சட்டையைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும், தானே சவரம் செய்துகொள்ள வேண்டும். அவருடைய ஃபைலில் அது என் கையெழுத்திலேயே இருக்கிறது.

அப்படியானால் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். நோயாளி அவர்; கேட்டதும் அவர். கையை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் கையின் பலன் அவரோடு நின்றுவிடுகிறது, பேச்சு அப்படியில்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒருவருக்குக் குரல் ஏற்கெனவே தணிந்துவிட்டது, இன்னொருவருக்குக் காது மந்தம். இருக்கிற பேச்சும் குழறினால் அந்த வீட்டில் பகல் முழுக்க என்ன நடக்கும் என்பதை நினைக்காமல் நான் எப்படி ஒரு எண்ணைப் போட்டு அனுப்புவது? சரி, இரண்டையும் கொடுப்போம் என்று முடிவு செய்தேன். டாக்டரும் அதையே சொன்னார்: "ரெண்டும் இருக்கட்டும், வீட்ல பார்த்துக்கட்டும்."

வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும் என்பது இந்தச் சிகிச்சையால் வந்த வசதி. முன்பெல்லாம் நடுக்கத்துக்கு மூளையில் ஒரு புள்ளியைச் சுட்டு அழிப்பார்கள். விளைவு எதுவானாலும் அதோடு முடிந்தது. 1987-ல் பிரான்சின் கிரனோபிள் நகரில் பெனாபிட் என்ற அறுவை மருத்துவர், அப்படி ஒரு சிகிச்சையின்போது மின்தூண்டலின் வேகத்தைக் கூட்டியதும் நடுக்கம் நிற்பதைக் கண்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய டிபிஎஸ். ஏற்றலாம், இறக்கலாம், வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். இதைச் சொல்லித்தானே பயப்படுகிறவர்களுக்கு நானே தைரியம் கொடுக்கிறேன்! ஆனால் மாற்றலாம் என்று வந்துவிட்டால், யார் மாற்றுவது என்ற கேள்வியும் கூடவே வீட்டுக்குப் போகிறது. அதை ஒப்புதல் படிவத்தின் எந்தப் பக்கத்திலும் நாங்கள் எழுதுவதில்லை.

ரிமோட்டை அந்த அம்மாவிடம்தான் கற்றுக்கொடுத்தேன். அதற்குக் காரணம் இருந்தது. பி-யில் இருக்கும்போது அவர் கை நடுங்கும், அந்தச் சின்ன பட்டன்களை அவரால் அழுத்த முடியாது. அந்த அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டார், எனக்கு இரண்டு முறை செய்தும் காட்டினார்.

அடுத்த பரிசோதனைக்கு வந்தார்கள். எந்த ப்ரோகிராம் எவ்வளவு நேரம் ஓடியது என்பதைக் கருவி காட்டும். காலையில் கொஞ்ச நேரம் ஏ. மற்றபடி எல்லாம் பி.

"ஐயா, நீங்க சொல்லித்தானே மாத்தறாங்க?" என்று கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார். "ரெண்டு பேருமாத்தான் சிஸ்டர்" என்றார். தெளிவான பேச்சு. வலது கை தொடைமேல் நடுங்கிக்கொண்டே இருந்தது.

அந்தப் பதிலை எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். உண்மையிலேயே இருவரும் பேசி முடிவு செய்திருக்கலாம். காலையில் சட்டையும் சவரமும் முடிந்தால் அவர் கேட்டது கிடைத்துவிட்டது, மிச்ச நேரம் பேச்சு. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? நல்ல தம்பதி இப்படித்தான் விட்டுக்கொடுத்துப் போவார்கள் என்று ஒரு நாள் நிம்மதியாக இருக்கும். அடுத்த நாளே வேறு மாதிரி தோன்றும். கை வேண்டும் என்று அவர் தெளிவாகக் கேட்பதாக இருந்தால் அவர் பி-யில் இருந்தாக வேண்டும். ஏ-யில் இருக்கும்போது, பி-க்கு மாற்றாதே என்று அவர் சொன்னால் அது அந்த அம்மாவின் காதில் விழாது. மாற்றுகிற பொருளோ அந்த அம்மாவின் கையில். அப்படியொரு ஏற்பாட்டை அமைத்துக் கொடுத்தது நான்.

அந்த அம்மாமேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. தினமும் பொத்தான் மாட்டிவிட நான் போகப்போவதில்லை, பேசாத வீட்டில் நான் இருக்கப்போவதும் இல்லை.

அடுத்த முறைக்கு ஃபைலில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். ப்ரோகிராமை ஏ-யில் வைத்து, அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவரிடம் பேனாவும் தாளும் கொடுப்பது. ஏ-யில் அவரால் எழுத முடியும். இதைச் சொன்னபோது டாக்டர் கேட்டார்: "அவர் 'கை'ன்னு எழுதிட்டா என்ன பண்ணுவீங்க?" ஏ-யில் வைத்தே அனுப்புவேன், மாற்றும் நேரத்தை அவர்கள் இருவரையும் உட்கார வைத்து என் முன்னாலேயே பேசவைப்பேன் என்றேன். "அந்தத் தாள்லயும் 'ரெண்டு பேருமாத்தான்'னு எழுதினா?" என்றார். அப்போது அப்படியே விட்டுவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.