பச்சைப் படிகமும் காணாமல் போன 1.8 சதவீதமும்

மார்ச் 4, செவ்வாய்

பொட்டாசியம் டிரைஆக்சலேட்டோஃபெரேட் (இரும்போடு ஆக்சலேட் பிணைந்த அணைவு உப்பு) இரவோடு இரவாகப் படிகமாகிவிட்டது. உடைந்த கண்ணாடிச் சில்லு மாதிரி, மரகதப் பச்சை. வடிகட்டி, எத்தனாலால் ஒரு தடவை கழுவி, வடிதாள்களுக்கு நடுவே அழுத்தியெடுத்தேன். கையில் ஒட்டவில்லை. நோட்டில் ‘உலர்ந்தது’ என்று எழுதிக் குப்பியில் போட்டாயிற்று. குப்பியை ஜன்னலோரம் வைத்திருந்தேன். இது வெளிச்சம் பட்டால் சிதையும் என்பது மாலையில்தான் உறைத்தது. கறுப்புத் தாள் சுற்றி அலமாரிக்குள் தள்ளினேன்.

மார்ச் 5, புதன்

படிகத்தில் ஆக்சலேட் எவ்வளவு என்று பர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷன். முதல் முறை வீண். அமிலம் போதாமல் கரைசல் பழுப்பாகக் கலங்கியது, மாங்கனீசு டைஆக்சைடு. கொட்டிவிட்டேன்.

மறுபடி 0.2000 கிராம், தாராளமாக நீர்த்த சல்பியூரிக் அமிலம், 65 டிகிரிச் சூடு. முதல் சொட்டு பர்மாங்கனேட்டின் ஊதா போவேனா என்று நின்றது. குடுவையைச் சுழற்றிக்கொண்டே காத்திருக்க வேண்டும். கொஞ்சம் மாங்கனீசு(II) உண்டாகிவிட்டால் அதுவே வினையை முடுக்கிவிடும். அப்புறம் சொட்டு விழுந்த இடமே தெரியாது. முடிவுநிலையில், அதாவது இளஞ்சிவப்பு மறையாமல் நிற்கும் இடத்தில், வேறு தொல்லை. ஃபெரிக்கின், அதாவது இரும்பு(III)-இன், மஞ்சளோடு சேர்ந்து இளஞ்சிவப்பு ஆரஞ்சாகத் தெரிந்தது. பாஸ்பாரிக் அமிலம் சிறிது விட்டேன். இரும்பை நிறமற்ற அணைவாகக் கட்டிப்போட்டது.

0.02 மோலார் பர்மாங்கனேட், மூன்று முறையும் 23.6 மி.லி.யை ஒட்டியே. வரவேண்டியது 24.43. ஆக்சலேட் 51.9 சதவீதம்தான், வாய்பாட்டின்படி 53.75. மூன்றும் ஒத்துப்போவதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, ஒரே தப்பை மூன்று தடவை அழகாகச் செய்திருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

சந்தேகம் நேராக வெளிச்சத்தின் மேல் போனது. நாலு படிகத்தைக் கரைத்து ஃபெரிசயனைடு ஒரு சொட்டு விட்டேன்: லேசான நீலம். ஃபெரஸ், அதாவது வெளிச்சம் பட்டால் ஃபெரிக்கிலிருந்து உண்டாகும் இரும்பு(II), இருக்கிறது. ஆள் அகப்பட்டான் என்று நிம்மதியாகத்தான் உட்கார்ந்தேன்.

கணக்குப் போட்டதும் நிம்மதி போயிற்று. வெளிச்சத்தில் இரண்டு அணைவு சிதைந்தால் ஓர் ஆக்சலேட் இரண்டு கார்பன் டைஆக்சைடாகப் போகிறது. இரண்டு ஃபெரிக் ஃபெரஸாகிறது. போன ஆக்சலேட் தந்திருக்கக்கூடிய எலக்ட்ரான் இரண்டு. வந்த ஃபெரஸ் இரண்டும் பர்மாங்கனேட்டுக்குத் தருவதும் இரண்டு. சரிக்குச் சரி! வாயு வெளியேறி எடை குறைவதால், கிராமுக்குப் பார்த்தால் அளவு ஏறத்தான் வேண்டும். எனக்கோ இறங்கியிருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

பர்மாங்கனேட்டைச் சோடியம் ஆக்சலேட்டால் மறுபடி தரப்படுத்தினேன்: 0.0200. பியூரெட் (சொட்டு விடும் அளவுக்குழாய்) முனையில் குமிழி இல்லை. அடர்நிறம் என்பதால் மேல்விளிம்பைத்தான் படித்தேன், தொடக்கத்திலும் முடிவிலும். மிச்சம் படிகம்தான். 2.000 கிராம் எடுத்து இருட்டில் டெசிகேட்டருக்குள் (ஈரத்தை உறிஞ்சும் மூடிய கலம்) வைத்தேன். சூட்டடுப்பில் வைத்தால் படிகத்துக்குச் சொந்தமான மூன்று நீரும் போய்விடும். அது எடையில் 11 சதவீதம்.

மார்ச் 10, திங்கள்

1.931 கிராம். பச்சை அப்படியே.

டைட்ரேஷன்: 24.35. ஆக்சலேட் 53.6 சதவீதம்.

செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் ‘உலர்ந்தது’ என்பதன் மேல் ஒற்றைக் கோடு போட்டு, ஓரத்தில் இன்றைய தேதியோடு எழுதினேன்: ‘ஈரம், சுமார் 3.5 சதவீதம்.’