இருக்கிறார்களா என்பது ஒன்று, வந்தார்களா என்பது வேறு

சென்ற வாரம், இருட்டிச் சிறிது நேரமே ஆகியிருந்தபோது, இருபதுக்கும் மேற்பட்ட ஒளிப்புள்ளிகள் ஒரே கோட்டில் சத்தமின்றி ஊர்ந்து சென்றதை நானும் என் நண்பரும் பார்த்தோம். அவை அண்மையில் ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். ஏவிய சில நாள்களுக்கு, ஒன்றைவிட்டு ஒன்று விலகும்வரை, அப்படித்தான் சரம்போல் தெரியும். நண்பர் அதை ஏற்றுக்கொண்டார். ஆனாலும், "இவ்வளவு பெரிய பிரபஞ்சத்தில் நாம் மட்டுமா இருப்போம்? வேறு யாராவது இருந்தால் இங்கே ஏன் வந்திருக்கக் கூடாது?" என்று கேட்டார். இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்பதால்தான் விவாதம் தொடங்கிய இடத்திற்கே திரும்பி வருகிறது என்று நினைக்கிறேன்.

முதல் கேள்விக்கு நானும் அவர் பக்கமே. சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் முதன்முதலாக 1995இல்தான் உறுதியானது. இன்று அத்தகைய கோள்களின் எண்ணிக்கை ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது. நம் பால்வழி மண்டலத்தில் மட்டும் குறைந்தது பத்தாயிரம் கோடி விண்மீன்கள் இருக்கையில், உயிர் இங்கு மட்டுமே தோன்றியது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

வருவது என்பது வேறு. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செண்டாரி 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது; ஓர் ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம். இதே வேகத்தில் அவ்வளவு தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் ஆகும். ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கை எட்டலாமே என்றார் நண்பர். எட்டலாம்தான். ஆனால் ஒரே ஒரு கிலோ எடையை அந்த வேகத்திற்குக் கொண்டுவர, ஹிரோஷிமா குண்டைப்போல் ஏழு மடங்கு ஆற்றல் வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் வேகத்தைத் தணிக்கவும் வழி இருக்க வேண்டும்.

இருந்தாலும் தொலைவை மட்டும் காட்டி இந்த வாதத்தை முடித்துவிட முடியாது. 1950இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் மதிய உணவின்போது இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி, "எல்லாரும் எங்கே?" என்ற பொருளில் கேட்டதன் வலு இங்குதான் இருக்கிறது. ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கோடு பரவினாலும், ஒரு லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள பால்வழியை ஒரு கோடி ஆண்டுகளில் கடந்துவிடலாம். பால்வழியின் வயதோ ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேல். அப்படியானால் இந்த அமைதிக்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

எனக்குத் தோன்றும் காரணம் நம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. பூமியில் உயிர் தோன்றி 350 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது; அதில் பெரும்பகுதி நுண்ணுயிர்களின் காலமே. எங்கோ ஓர் ஒற்றைச் செல் உயிருக்குள் ஒரு பாக்டீரியா புகுந்து, அழியாமல் அங்கேயே தங்கி, இன்று நாம் மைட்டோகாண்ட்ரியா என்றழைக்கும் ஆற்றல் கூடமாக மாறியது. மரம், காளான், மீன், மனிதர் எல்லாம் அந்த ஒரு கூட்டின் வழிவந்தவையே. இத்தனை கோடி ஆண்டுகளில் அது ஒருமுறை நடந்ததற்கான சுவடே நமக்குக் கிடைத்திருக்கிறது. அதற்குப் பிறகும் வானொலி அலையை அனுப்பக் கற்ற இனம் ஒன்றே ஒன்று, அதுவும் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்குள். ஆகவே உயிர் பல இடங்களில் இருக்கும், அறிவுள்ள உயிர் அரிது, இரண்டு அறிவுள்ள இனங்கள் ஒரே காலத்தில் அருகருகே வாழ்வது மிக மிக அரிது என்பதே என் கணிப்பு.

நண்பர் விடவில்லை, 1977 ஆகஸ்ட் 15 அன்று ஒஹாயோவிலுள்ள ரேடியோ தொலைநோக்கியில் பதிவான சமிக்ஞையை நினைவூட்டினார். அச்சிட்ட தாளில் எண்களும் எழுத்துகளுமாக ஆறு குறிகள். அவற்றைச் சிவப்புப் பேனாவால் வளைத்து, ஓரத்தில் 'வாவ்' என்று எழுதினார் வானியலாளர் ஜெர்ரி எமன். எழுபத்திரண்டு நொடி நீடித்த அந்தச் சமிக்ஞை, பலர் அதே திசையில் மீண்டும் தேடியும் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தத் தாளின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் உடல் சிலிர்க்கிறது. ஆயினும் ஒருமுறை மட்டும் கேட்ட ஒலியை வைத்து யார் கூப்பிட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது.

வானில் பறக்கும் ஒளிகளைவிட, சுமார் 40 ஒளியாண்டு தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட் 1 என்ற சிறிய விண்மீனின் ஏழு கோள்கள்மீதே என் நம்பிக்கை இருக்கிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இப்போது அவற்றை ஆராய்ந்து வருகிறது. அவற்றுள் ஒன்றுக்குக் காற்று மண்டலம் இருந்து, அதில் ஆக்சிஜனும் மீத்தேனும் சேர்ந்தே தென்பட்டால், ஒன்றையொன்று அழிக்கும் அவ்விரண்டையும் ஏதோ ஒன்று ஓயாமல் நிரப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள்; அது உயிராக இருக்கலாம். அந்தச் செய்தி வரும் நாளில், எந்த நேரமானாலும் முதலில் நண்பரைத்தான் அழைப்பேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.